தரகன் இல்லாத வண்டி

போர்டைப் படிச்சீங்களா? நல்லாப் படிங்கோ. பெயிண்டருகிட்டக் குடுத்தா தப்பு விடுவான்னு நானே எழுதுனது. "லிங்க் வண்டிகளுக்கு இங்கு வேலை செய்யப்பட மாட்டாது." படிச்சதுக்கு அப்புறமுமா குட்டியானை டெம்போவுல இருந்து பைக்க எறக்கறீங்க? கரூர்ல இருந்து வர்றீங்களா, சரி. பல் டாக்டருங்களா, அதுவுஞ் சரி. பல்லுப் புடுங்கறவருக்கு எதுக்குங்க செம்மண்ணுல குதிக்கற வண்டி? சும்மா கேட்டேன், கோவிச்சுக்காதீங்க. ஆசை யாருக்கு வேணும்னாலும் வரும்.

எதிர்க்கடைக்குப் போங்க. அதா, ரோட்டத் தாண்டுனா பன்னண்டு எட்டு. நான் எண்ணி வெச்சிருக்கறேன். பூட்டியிருக்குதுங்களா? ஆமா, பூட்டித்தான் இருக்கும். எல்லாரும் கிணத்துக்கடவு தாண்டி ரேஸ் நடக்கற காட்டுக்குப் போயிட்டாங்க. இந்த வருசத்துக்கு இன்னைக்குத்தான் கடைசி ரவுண்டு. போனது போனீங்க, அவன் போர்டையும் படிச்சுட்டு வந்திருக்கலாம். "அனைத்து வண்டிகளும் பார்க்கப்படும். எதிர்க்கடை வண்டி உட்பட." பாத்தீங்களா கொழுப்ப? அவன் வேற யாருமில்லீங்க, என்ற மச்சினன்தான். எங்கூட்டுக்காரி கூடப் பொறந்த தம்பி. சென்னியப்பன்னு பேரு.

நீங்களும் அதே ரேஸுக்குத்தானா? புதுசா ஓட்டறவங்க பிரிவு, ரெண்டு மணிக்கு. இப்ப மணி ஒம்பது. நேரம் கெடக்குது. பின்னாடி கீச்சு கீச்சுன்னு கத்துதா? கத்தும். லிங்க் வெச்ச வண்டி கத்தாம பாட்டா பாடும்? சரி, அப்படி நெழல்ல உக்காருங்க. வண்டிய இந்த ஸ்டேண்டு மேல ஏத்தி வெக்கறேன். வெய்யில்ல நிக்குதேன்னு பாவம் பாத்து ஏத்தறேன். வேலை செய்ய மாட்டேன். அது வேற, இது வேற.

லிங்க்னா என்னன்னு தெரிஞ்சுதான் வாங்குனீங்களா? தெரியாதா? சொன்னாங்க, வாங்கிட்டீங்க. பல்லு புடுங்க வர்றவன் உங்ககிட்ட எத்தனை கேள்வி கேக்கறான், நீங்க ஒரு கேள்வி கேட்டிருக்கப்படாதா?

இங்க குனிஞ்சு பாருங்க. பின் சக்கரத்த ஒரு அலுமினியக் கை புடிச்சிருக்குது, ஸ்விங்ஆர்ம்னு சொல்லுவோம். சக்கரம் மேட்டுல மோதுனா அந்தக் கை மேல வரும். வர்ற அடிய வாங்கிக்கத்தான் நடுவுல சாக்கப்சர், அதச் சுத்தி ஸ்பிரிங்கு. ஆஸ்திரியாவுல வண்டி செய்யற கம்பெனிக்காரன் என்ன பண்ணுனான்? சாக்கப்சரோட அடி முனைய நேரா அந்தக் கையிலயே மாட்டுனான். முடிஞ்சுது சோலி. சக்கரத்துக்கு அடி பட்டா ஸ்பிரிங்குக்கு நேரா சேதி போயிரும். உங்க வண்டியச் செஞ்ச இந்த இத்தாலிக்காரனும், அந்தப் பிரெஞ்சுக்காரனும் என்ன பண்ணுனாங்க? நடுவுல ஒரு முக்கோணத் துண்டு, அதுக்கு ஒரு பட்டை, அதுக்கு நாலஞ்சு பேரிங்கு. சக்கரம் முக்கோணத்துகிட்டச் சொல்லோணும், முக்கோணம் ஸ்பிரிங்குகிட்டச் சொல்லோணும். அதான் லிங்க். நான் அதுக்கு வெச்ச பேரு தரகன். புருசனும் பொண்டாட்டியும் பேசிக்கறதுக்கு நடுவுல தரகன் எதுக்குங்க?

சிரிக்காதீங்க. எல்லாரும் சிரிச்சாங்க, சிரிச்சுட்டு அவன் கடைக்குப் போனாங்க. லிங்க் இருந்தா மொதல்ல மெத்துனு இருக்கும், போகப் போகக் கெட்டியாகும்பாங்க. ஆஸ்திரியாக்காரனே குதிக்கற ரேஸ் வண்டிக்கு லிங்க் வெச்சுட்டானுங்களே, காட்டுல ஓடற வண்டிக்கு மட்டுந்தானே நேரா மாட்டறான்னு வம்புக்கு வருவாங்க. நானுங் கேள்விப்பட்டேன். ஊரு வாய மூடறதுக்கு வெச்சிருப்பான். மனசார வெச்சிருக்க மாட்டான்.

அந்தப் பதினேழு ஸ்பேனர இப்படித் தள்ளுங்க. வேலைக்கு இல்லீங்க. கத்தறது எந்தப் பேரிங்குன்னு மட்டும் பாத்துச் சொல்றேன். அப்புறம் எவன்கிட்ட வேணாலும் காட்டிக்கோங்க.

பதினாலு வருசம் நானும் அவனும் ஒரே கடைங்க. இதே கோயமுத்தூர் கணபதியில, இதே கடைதான். போர்டுல ரெண்டு பேரு பேரும் இருந்துச்சு, நாச்சிமுத்துன்னு என்ற பேரு மொதல்ல. ஒரு மில்லுக்காரரு கப்பல்ல வரவெச்ச ஆஸ்திரியா வண்டி நம்ம கடைக்கு வந்துச்சு. அதோட பின்பக்கத்தப் பிரிச்ச அன்னைக்கு எனக்கு சோறு எறங்கலீங்க. எத்தனை சுத்தம்! வேண்டாதது ஒரு நட்டு கெடையாது. அப்புறம் ஊட்டியில ஒரு எஸ்டேட்காரரு இத்தாலி வண்டி வாங்குனாருன்னு மச்சினன் போயி வேலை பாத்துட்டு வந்தான். போகும்போது மனுசனாத்தான் போனான். வரும்போது லிங்க் லிங்க்னு வந்தான்.

அதுல இருந்து கடையில வேலை பாதி, வாதம் பாதி. முக்குப் பேக்கரி வரைக்கும் போச்சுங்க சண்டை. டீ குடிக்க வர்றவனெல்லாம் ஆஸ்திரியாவா இத்தாலியான்னு சொல்லிட்டுத்தான் தேங்கா பன்னு வாங்கோணும்னு ஆயிப்போச்சு. பவர்லூம் வெச்சிருக்கற ஒருத்தரு, அவருக்கு மொபட்டுக்கூட ஓட்டத் தெரியாது, அவரு லிங்க் கட்சி. ஏனுங்கன்னு கேட்டா, "சென்னியப்பன் நல்லாப் பேசறானுங்க"ங்கறாரு. இத்தனைக்கும் எங்க ஊருல அந்த மாதிரி வண்டி மொத்தமே ஏழோ எட்டோதான்.

நாங்க பிரிஞ்சது எதுக்குன்னு நெனைக்கறீங்க? சொத்துக்கா, பணத்துக்கா? ஒரு பொட்டுக்குங்க.

ஆயுதபூஜை. மில்லுக்காரரு வண்டியும் எஸ்டேட்காரரு வண்டியும் கடையில நிக்குது, கழுவித் தொடச்சு மாலை எல்லாம் போட்டு. நான் பொரி வாங்கப் போயிருந்தேன். வந்து பாத்தா இத்தாலி வண்டிக்கு மட்டும் சந்தனம் குங்குமம் வெச்சாச்சு. எங்க வெச்சிருக்கறான்? டேங்குல இல்லீங்க, ஹேண்டில்ல இல்லீங்க. குனிஞ்சு, கைய உள்ள உட்டு, அந்த லிங்க்ல வெச்சிருக்கறான். மூணு பொட்டு. தரகனுக்குப் பொட்டு! என்ற வண்டி வெறும் நெத்தியோட நிக்குது. "நான் வர்ற வரைக்கும் பொறுக்க முடியாதா மாப்பிள்ள?"ன்னேன். "நல்ல நேரம் முடியுதுங்க மாமா"ன்னான். "மொதப் பொட்டு எந்த வண்டிக்குன்னு தெரியாதா?"ன்னேன். அதுக்கு அவன் சொல்றான், "வேலை செய்யற எடத்துலதானுங்க மாமா பொட்டு வெக்கோணும். உங்க வண்டியில அந்த எடமே இல்லீங்களே."

எலுமிச்சம்பழத்த நசுக்கறதுக்குள்ள கடை ரெண்டாப் போச்சு.

பாருங்க, பாருங்க, இந்தப் பேரிங்க. ஊசி ஊசியா இருக்குதல்ல, ஒண்ணுலயாச்சும் கிரீஸ் இருக்குதா? எல்லாம் துரு. எப்பக் கடைசியாக் கழட்டுனது? கழட்டவே இல்லையா? உங்களுக்கு வித்தவனக் கட்டி வெச்சு... சரி உடுங்க. இத்தாலிக்காரன் மேல தப்புச் சொல்ல மாட்டேன், அவன் ஒழுங்காத்தான் செஞ்சு அனுப்பியிருக்கறான். அவன் என்ற எதிரிதான், ஆனா வேலைக்காரன். அந்த மண்ணெண்ணெய்க் கிண்ணத்த இப்படி வைங்க. தொடச்சு மட்டும் தர்றேன். தொடைக்கறது வேலைல சேராது.

எனக்கு ஒரே பொண்ணுங்க. பிருந்தா. மெக்கானிக்கல் இஞ்சினியரிங் மூணாவது வருசம். பதினாலு வயசுல இருந்து மண்ணுல ஓட்டறா. யாருஞ் சொல்லித் தரல, கடைக்கு வர்ற வண்டிய டெஸ்ட்டுக்கு எடுத்துட்டுப் போறேன்னு போவா, முட்டியில ரத்தத்தோட வருவா. எங்கூட்டுக்காரி சாந்தாமணி ஒப்பாரி வெப்பா. நான் வண்டிக்கு ஒண்ணுமில்லையேன்னு பாப்பேன். அப்படி நாங்க ரெண்டு பேரும் சோடிங்க. பேசறதே வேண்டாம், அவ ஆக்சிலேட்டரத் திருகற சத்தத்துலயே எனக்குத் தெரியும் அவ என்ன நெனைக்கறான்னு. நேரா மாட்டுன ஸ்பிரிங்கு மாதிரி.

போன வருசம் அந்த மில்லுக்காரரு வண்டிய உடறேன்னாரு. வாங்கிட்டேன். ஆஸ்திரியா வண்டி, லிங்க் இல்லாதது, அதா மூலையில தார்ப்பாய் போட்டு நிக்குது பாருங்க, அதேதான். என்ற பொண்ணு இதுல ஜெயிச்சா எதிர்க்கடைக்காரன் போர்டக் கழட்டிருவான்னு பேக்கரியில வெச்சே சொன்னேன். முப்பது பேரு முன்னாடி சொன்னேன்.

வண்டி வந்ததும் மொத வேலை எறக்கம் பாக்கறது. உங்களுக்கு அதுவும் தெரியாதா? வண்டி மேல ஆளு ஏறி உக்காந்தா பின்பக்கம் எறங்குமல்ல, எத்தனை எம்.எம். எறங்குதுன்னு டேப்பு வெச்சுப் பாப்போம். நூத்தி அஞ்சு எறங்கோணும். அதவிடக் கம்மியா எறங்குச்சுன்னா ஸ்பிரிங்கு ஆளுக்குக் கெட்டின்னு அர்த்தம், மேட்டுல ஏறுனா சீட்டு ஆள எத்தித் தள்ளும். அதிகமா எறங்குச்சுன்னா ஸ்பிரிங்கு தொளதொளன்னு இருக்குதுன்னு அர்த்தம். இதுல பாதிப் பேரு கண்ணளவுல உட்டுருவாங்க. நான் அப்படியில்ல. எறக்கம் சரியில்லாத வண்டி என்ற கடைய உட்டு வெளிய போனதில்லீங்க, முப்பது வருசத்துல ஒண்ணுகூட. இந்தக் கோயமுத்தூர்ல யாரு வேணாலுங் கேளுங்க.

அவ வண்டிக்கு நானே பாத்தேன். அவ காலேஜுக்குப் போயிருந்தா, எனக்கு பொறுக்கல, அன்னைக்கே பாத்தாகோணும். நானே ஏறி உக்காந்தேன். சாந்தாமணிதான் அளந்தா, ஜாக்கெட் தைக்க வெச்சிருக்கற டேப்புல. ஸ்பிரிங்கு மேல இருக்கற நட்டத் திருகித் திருகி மறுக்கா மறுக்கா பாத்தேன். சுத்தமா நூத்தி அஞ்சு. ஒரு எம்.எம். அங்க இல்ல, இங்க இல்ல. டேப்பச் சுருட்டும்போது சாந்தாமணி சிரிச்சா. என்னடி சிரிப்புன்னேன். ஒண்ணுமில்லீங்கன்னா. பொம்பளைங்க எதுக்குச் சிரிக்கறாங்கன்னு யாருக்குத் தெரியுது.

மொத ரவுண்டுல நாலாவதா வந்தா. எறங்குனதும், "அப்பா, பின்னாடி உதைக்குதுப்பா"ன்னா. உதைக்கறதாவது! நான் எறக்கம் பாத்த வண்டி உதைக்குமா? "உனக்கு தைரியம் பத்தல அம்மிணி, குதிக்கும்போது பயந்து பின்னாடி சாயறே"ன்னேன். சரின்னா. ரெண்டு வாரம் பழகிட்டு, மறுபடியும், "உதைக்குதுப்பா." நான் ஏறி ரெண்டு ரவுண்டு ஓட்டிக் காட்டுனேன். பஞ்சு மாதிரி போச்சு. உதைக்கவே இல்லீங்க! "பாத்தியா?"ன்னேன். ஹெல்மெட்ட மாட்டிக்கிட்டா.

ரெண்டாவது ரவுண்டு. மூணாவது மேடு. எல்லாரும் பாத்தாங்க, சீட்டு அவள எடுத்து ஹேண்டிலுக்கு அந்தப் பக்கம் போட்டுச்சு. காறை எலும்பு முறிஞ்சு போச்சு. இதா, தோளுக்கும் கழுத்துக்கும் நடுவுல. நான் ஓடிப்போயி மொதல்ல வண்டியத்தான் நிமித்துனேன்னு அப்புறம் சாந்தாமணி சொல்றா. அப்படியெல்லாம் இல்லீங்க. வண்டி இஞ்சின் ஓடிட்டு இருந்துச்சு, ஆஃப் பண்ணோணுமல்ல?

ஆஸ்பத்திரிக்கு மச்சினன் வந்தான். ஆயுதபூஜைக்கு அப்புறம் அன்னைக்குத்தான் மூஞ்சியோட மூஞ்சி பாக்கறோம். பழம் வாங்கிட்டு வருவான்னு பாத்தா பேப்பர்ல சுத்தி ஒரு ஸ்பிரிங்கக் கொண்டாந்திருக்கறான். ஆஸ்திரியா வண்டிக்கான ஸ்பிரிங்குதான், ஆனா ரெண்டு நம்பர் மெல்லிசு. "மாமா, லிங்க் வேண்டாங்க, ஒண்ணும் வேண்டாங்க. இத மட்டும் மாத்துங்க. கம்பெனி ஸ்பிரிங்கு எம்பது கிலோ ஆளுக்குப் போட்டது. இது அவ எடைக்கு"ங்கறான். எனக்கு வந்துச்சே கோவம்! ஆஸ்திரியாவுல பனியில உக்காந்து கணக்குப் போட்டு ஒருத்தன் ஒரு ஸ்பிரிங்கு வெச்சு அனுப்பியிருக்கறான். அத கணபதியில இருந்துட்டு நீ மாத்துவியா? என்ற வண்டியத் தோக்கடிக்கப் பாக்கறே, அதானேன்னேன். நர்ஸு வந்து ரெண்டு பேத்தையும் வெளிய தொரத்துனா.

அந்த ஸ்பிரிங்கு அதா, ஆணியில தொங்குது. பேப்பரக்கூடப் பிரிக்கல. ஏன் தூக்கிப் போடலையா? கெடக்கட்டும்னுதான். இருக்கற எடத்துல இருக்குது.

எலும்பு கூடுனதும் ஒரு நாள் சாயந்தரம் கடைக்கு வந்தா. இங்கதான் நின்னா, நீங்க உக்காந்திருக்கற எடத்துல. "அப்பா, ஒருக்கா நான் ஏறி உக்கார்றேன். நீங்க அளங்க"ன்னா. அத்தனைதான் சொன்னா. எனக்கு சுருக்குனு ஆயிருச்சுங்க. நான் நூத்தி அஞ்சுன்னு அளந்தத இவ மறுக்கா அளந்து பாக்கறாளாமா! ரெண்டு வருசம் காலேஜு போனதுக்கு அப்பன் அளவு தப்பாயிருச்சா? "என்ற அளவையே சந்தேகப்படறயா? எனக்கு நீ பாடம் எடுக்கறயா?"ன்னு கத்திப்போட்டேன். பேக்கரி வரைக்குங் கேட்டிருக்கும். அவ அழுகல. அழுதிருந்தாக்கூட பரவால்ல. ஹெல்மெட்ட எடுத்தா, ரோட்டத் தாண்டுனா. பன்னண்டு எட்டு. அப்பத்தான் எண்ணுனேன்.

அதுல இருந்து அவ ஓட்டறது மாமன் புடிச்சுக் குடுத்த இத்தாலி வண்டி. மாமன் கடை டீசர்ட்டு. எட்டு மாசமாச்சு.

ஊட்ட உட்டெல்லாம் போகலீங்க. ஒரே ஊடுதான், ஒரே சோறுதான். பேச்சுதான் இல்ல. "அவருக்கு ரசம் வேணுமான்னு கேளும்மா"ம்பா. நான் அங்கயேதான் உக்காந்திருப்பேன். "வேண்டாம்னு சொல்லு அவகிட்ட"ம்பேன். சாந்தாமணி நடுவுல நின்னுட்டு ரெண்டு பக்கமும் சொல்லிச் சொல்லி ஓஞ்சு போயிட்டா. உங்க ரெண்டு பேத்துக்கு நடுவுல தேஞ்சு போனேன்னு போன வாரம் மண்டைய மண்டைய அடிச்சுக்கிட்டா. அவளுக்கு எதுலயும் ஒரு பெரிய கூத்துங்க.

மூணாவது ரவுண்டு அவதான் ஜெயிச்சா. மழை பேஞ்சிருந்துச்சு, வழுக்கல்ல யாரு வேணாலும் ஜெயிப்பாங்க. நாலாவதும் அவதான். அன்னைக்கு அவளுக்குப் போட்டியா ஓட்டற ஓசூர்க்காரப் பொண்ணுக்குக் காச்சலாம். அஞ்சாவது ரவுண்டு எனக்கு வெவரம் தெரியல, நான் கேக்கல. லிங்க்னால ஜெயிச்சான்னு மட்டும் யாரும் சொல்லப்படாது. இன்னைக்கு ஜெயிச்சா தமிழ்நாட்டுக்கே அவதான் மொதல். அப்புறம் பூனாவுல ஒரு டீமு கூப்பிட்டிருக்குது, நாளான்னைக்கே ரயிலாமா. வருசம் பூரா அங்கதானாமா. இதும் சாந்தாமணி சொல்லித்தான் தெரியும்.

காத்தால கெளம்பும்போது வாசல்ல நின்னுட்டு அம்மாகிட்டக் கேட்டா. "அவரு வருவாராம்மா?" நான் பேப்பர் படிச்சுட்டு இருந்தேன். "லிங்க் வண்டி ஓடற எடத்துக்கு வர மாட்டேன்னு சொல்லு"ன்னேன். சாந்தாமணி சொல்லல. மொத வாட்டியா சேதிய அந்தப் பக்கம் கடத்தல. என்னையே பாத்துட்டு நின்னா, அப்புறம் அவளும் செருப்ப மாட்டிட்டு மகளோட போயிட்டா. போகட்டும். எல்லாரும் போகட்டும். இந்த ஊர்ல லிங்க் இல்லாத வண்டிக்கு ஒருத்தனாச்சும் நிக்கோணுமல்லங்க? நான் நிக்கறேன். கடையத் தெறந்து வெச்சுட்டு நிக்கறேன். இன்னைக்கு மட்டுமில்ல, என்னைக்கும் நிப்பேன்.

ம், ஆச்சு. இந்தாங்க, ஆட்டிப் பாருங்க. கத்துதா? கத்தாது. அஞ்சு பேரிங்குக்கும் கிரீஸ் வெச்சு, ரெண்டு சீல் மாத்தி, போல்ட்ட அளவா முறுக்கியாச்சு. லிங்க் வேலை தெரியாதுன்னா செய்யாம இருக்கறேன்? எல்லாந் தெரியும். எதிரிய முழுசாத் தெரிஞ்சு வெக்கோணும். செஞ்சேன்னு எங்கயும் போயிச் சொல்லிராதீங்க. பேக்கரியில தெரிஞ்சுதுன்னா என்ற மானம் போயிரும்.

எறக்கம் பாத்துட்டுக் கெளம்புங்க. எந்தக் கம்பெனி வண்டியானாலும் எறக்கம் பாக்காம உட மாட்டேன். டிரைவருங்க, சித்த வந்து வண்டிய நேராப் புடிங்க. டாக்டரே, நீங்க பூட்ஸு ஹெல்மெட்டெல்லாம் போட்டுட்டு ஏறுங்க. அதெல்லாம் பையில அடியில இருக்குதா? இருக்கட்டுமே, எடுங்க. என்னது? என்னையே ஏறி உக்காந்து பாத்துக்கச் சொல்றீங்களா?

நல்லாச் சொன்னீங்க போங்க! நான் எப்படிங்க உக்கார்றது? நானா ஓட்டப் போறேன்? உங்க எடை என்ன, என்ற எடை என்ன? படிச்சவரு இப்படிப் பேசலாமா? யாரு ஓட்டறாங்களோ அவங்கதான உக்காரோணும், அவங்க உக்காந்தாத்தான...

...

ஒண்ணுமில்லீங்க.

அந்தத் தண்ணி பாட்டில எடுங்க.

உங்க எடை எத்தனைன்னீங்க? அம்பத்திநாலு. ம். அவ அம்பத்திரெண்டு. நானு எம்பத்தாறுங்க.

நான் ஓட்டிக் காட்டுனேன். பஞ்சு மாதிரி போச்சு. எனக்குப் போகாம? எனக்குன்னு வெச்சதுதான அது.

சாந்தாமணி அதுக்குத்தான் சிரிச்சிருக்கறா. வாயத் தெறந்து சொல்றதுக்கென்ன? சொல்லியிருந்தா மட்டும்? பிருந்தா சொன்னாளே. உதைக்குதுப்பா, உதைக்குதுப்பான்னு ரெண்டு மாசம் சொன்னாளே. நான் உக்கார்றேன், நீங்க அளங்கன்னாளே. நின்ன எடத்துலயே நின்னு கேட்டாளே டாக்டரே, வேற எதுங் கேக்கலியே. காறை எலும்புங்க. என்ற புள்ளைக்குக் காறை எலும்பு. சட்டையப் போட முடியாம ஒன்றரை மாசம் அம்மா கையால போட்டுட்டா. நான் பஞ்சு மாதிரின்னேன்.

முப்பது வருசத்துல ஒண்ணுகூட வெளிய போனதில்லைன்னு சொன்னேனல்ல? ஒண்ணு போயிருக்குதுங்க.

இல்ல, இல்ல. நீங்க ஒண்ணுஞ் சொல்ல வேண்டாம். அப்ப லிங்க்தான் நல்லதா நாச்சிமுத்துன்னு கேக்கப் போறீங்க, தெரியும். நிறுத்துங்க. அதுக்காக லிங்க் நல்லதுன்னு ஆயிருமா? ஆகவே ஆகாது! தப்பு என்ற மேல இருக்கட்டும், என்ற ஒடம்பு மேல இருக்கட்டும், ஆஸ்திரியாக்காரன் மேல இல்ல. தரகன் தரகன்தான். அந்த ஸ்பிரிங்க மாட்டி, அவள உக்கார வெச்சு நூத்தி அஞ்சுக்குக் கொண்டாந்து நிறுத்துனா, இத்தாலிக்காரன் அவ பின்சக்கரத்துப் புழுதியத்தான் திங்கோணும். எழுதித் தர்றேன்.

அவ ரேஸு பதினொண்ணரைக்கு. இப்ப மணி என்ன? பத்தேகாலா. குட்டியானையில இன்னொரு வண்டிக்கு எடம் இருக்குதுங்களா? ரெண்டையும் ஒருக்களிச்சு நிறுத்துனா நிக்கும். அந்தத் தார்ப்பாய எடுங்க. புடிங்க, புடிங்க, டேங்கப் புடிக்காதீங்க, கைப்புடியப் புடிங்க. ஆணியில இருக்கற ஸ்பிரிங்க நான் எடுத்துக்கறேன். பேப்பர இப்பப் பிரிக்க வேண்டாம், மச்சினன் சுத்திக் குடுத்தபடியே இருக்கட்டும். அவன் முன்னாடி பிரிக்கறேன். ரேஸ் முடிஞ்சதும் அங்கயே மாட்டுனா அரை மணி நேரம்.

சமாதானத்துக்கா? யாருங்க சொன்னது சமாதானத்துக்குன்னு? நான் அவளப் பாக்க வர்றேன்னு நெனைச்சுக்காதீங்க. அந்த லிங்க் எத்தனை நேரம் தாங்குதுன்னு கண்ணால பாக்கத்தான் வர்றேன். போர்டு அப்படியே தொங்கட்டும், கழட்ட மாட்டேன். ஷட்டர எறக்கிருங்க. டிரைவருங்க, பொள்ளாச்சி ரோட்டுக்கு இப்படியே வளைச்சு எடுங்க, சிக்னல்ல மாட்டாது.

அட, நில்லுங்க, நில்லுங்க. டேப்ப மறந்துட்டேன். அந்த ட்ராயர்ல இருக்குது, ஜாக்கெட் தைக்கற டேப்பு, மஞ்சக் கலரு. யாரு புடிக்கறதுன்னா கேக்கறீங்க? நானே புடிச்சுக்குவேன். உக்காரப் போறது அவ.